ஸ்காபரோவில் இருந்துகொண்டு ஆங்கிலம் பழகுவது

கனடாவுக்கு வரப்போகிற சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து எடுத்துக் கேட்கிற கேள்விகளில் ஒன்று, அங்கே ஆங்கிலம் இல்லாமல் சமாளிக்கலாமா என்பது. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் தாராளமாகச் சமாளிக்கலாம். தமிழ் டொக்டர், தமிழ் பல் டொக்டர், தமிழ் லோயர், வீடு பார்த்துத் தரத் தமிழ் ஏஜென்ட், கார் பழக்கத் தமிழ் ஆள், இடியப்பமும் சம்பலும் வாங்கக் கடை, போதாக்குறைக்கு நாள் முழுக்கத் தமிழ் வானொலி. மார்க்கம் வீதிப் பக்கம் காலையிலிருந்து பின்னேரம் வரை அலைந்தாலும் ஆங்கிலத்தில் வாய் திறக்கிற தேவை வராமலே வீட்டுக்குத் திரும்பலாம். அதுதான் பிரச்சினை. வேலை, வீடு, தமிழ்க்கடை என்று சுற்றிச் சுற்றி வந்து, பதினைந்து வருடமாக இங்கே இருந்தும் வங்கியிலிருந்து ஃபோன் வந்தால் பிள்ளையிடம் நீட்டுகிறவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு வேலை செய்து ஊருக்கும் காசு அனுப்பியவர்களுக்கு வகுப்புக்குப் போக எங்கே நேரம்?

எனக்கு நேரம் இருந்தது. வந்த புதிதில் லிங்க் (LINC) என்கிற, புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். மத்திய அரசு 1992 இலிருந்து காசு போட்டு நடத்துகிற இலவச வகுப்பு அது. முதலில் மதிப்பீட்டு நிலையத்தில் ஒரு சோதனை வைத்து, கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனியாக நிலை போடுவார்கள். மொத்தம் 12 நிலைகள். எனக்கு வாசிப்பிலும் எழுத்திலும் 6 வந்தது, கேட்டலில் 3. ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வருகிற நம்மாட்கள் பலருக்கு இப்படித்தான் விழுகிறது, ஏனென்றால் நாம் படித்தது கண்ணால் படித்த ஆங்கிலம். இங்கே குடியுரிமைக்கு 18 முதல் 54 வயது வரையானவர்களிடம் கேட்பதோ கேட்டலிலும் பேசுதலிலும் நிலை 4. வாசிக்கவும் எழுதவும் தெரியுமா என்று அதற்குப் பார்ப்பதில்லை. இன்னொன்று, குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்கில் இடம் இல்லை, பள்ளிச் சபைகள் நடத்துகிற இஎஸ்எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற) வகுப்புக்குத்தான் போகலாம். அதுவும் நல்ல வகுப்புத்தான், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

இலக்கணத்துக்குத் தமிழர் பயப்படத் தேவையில்லை என்பது என் கட்சி. வகுப்பில் பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணுக்கு இறந்தகாலம் பெரிய பாடாக இருந்தது, அவருடைய மொழியில் காலத்துக்கேற்ப வினை மாறுவதே இல்லையாம். நமக்கு வந்தேன், வருகிறேன், வந்திருக்கிறேன் எல்லாம் கைவசம் இருக்கிறது, அப்படியே போட்டுக்கொண்டு போகலாம். எல்லாரும் தடுக்குகிற இடம் ‘எ’யும் (a) ‘தி’யும்தான் (the). அதற்கும் தமிழுக்குள்ளேயே ஒரு பிடி இருக்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். அந்த ‘ஐ’ வருகிற இடத்தில் பெரும்பாலும் ‘தி’ போடலாம். ஆட்களைச் சொல்லும்போதும் எழுவாயிலும் இந்த வித்தை உதவாது, ஆனாலும் பாதித் தொல்லை இதோடு தீர்ந்தது. இன், ஒன், அட் மூன்றுக்கும் நம்மிடம் பொதுவாக ஒரு ‘இல்’தான், அதற்குக் குறுக்குவழி இல்லை. காரென்றால் ‘இன்’, பஸ்ஸென்றால் ‘ஒன்’ என்று பாடமாக்க வேண்டியதுதான்.

உண்மையான சண்டை காதோடுதான். தமிழில் எந்த அசையையும் விழுங்காமல் ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லை இழுத்து அழுத்திவிட்டு மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறார்கள். ‘ஐ கேன் கம்’ என்று எழுதினால் வாயில் வருவது ‘ஐ க்ன் கம்’, அழுத்தம் முழுக்கக் ‘கம்’மில். ‘வரமுடியாது’ என்று சொல்லும்போதுதான் ‘கேன்ட்’ என்று இழுத்து அழுத்துகிறார்கள், அதிலும் கடைசி ‘ட்’ பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள், சனிக்கிழமை மேலதிக வேலைக்கு வருகிறாயா என்று சூப்பர்வைசர் கேட்கிறார், நம்மாள் உற்சாகமாக ‘ஐ கேஏன் கம்’ என்று அழுத்திச் சொல்கிறார், அவருக்கு அது ‘முடியாது’ என்று கேட்கிறது. வருகிறேன் என்று சொன்ன ஆளின் பெயர் பட்டியலில் இருக்காது. ஓவர்டைம் காசு போகிறது, காரணம் ஒரு உயிரெழுத்தின் நீளம்.

காதுக்கு எனக்கு உதவியது டிவி நாடகமோ யூடியூப் பாடமோ இல்லை, 680 வானொலியின் போக்குவரத்துச் செய்தி. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வரும், கூடவே வானிலை. சொல்கிறவர் மூச்சு விடாமல் ஓடுவார், ஆனால் இடமும் சொற்களும் மாறுவதில்லை. ‘ஃபோர் ஓ வன்’ (401 நெடுஞ்சாலை), ‘வெஸ்ட்பவுண்ட்’ (மேற்கு நோக்கி), ‘கலெக்டர்ஸ்’, ‘எக்ஸ்பிரஸ்’ (அந்தச் சாலையின் வழித்தடங்கள்), ‘வின்ட் சில்’ (காற்றால் கூடுகிற குளிர்). முதலில் 401 மட்டும்தான் பிடிபட்டது. அப்புறம் எந்த வழித்தடத்தில் கார் பழுதாகி நிற்கிறது என்பது, பிறகு ஏன் தாமதம் என்பது. தவறவிட்டதைப் பிடிக்கப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும், அதே விஷயம் திரும்ப வரும். சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்கலாம். கார் இல்லாத காலத்தில் எனக்கு டொன் வலி பார்க்வேயில் எங்கே நெரிசல் என்று எந்நாளும் தெரிந்திருந்தது என்று என் கணவர் இன்னும் கிண்டலடிப்பார்.

வாய்க்கு வருவோம். டிக்கெட்டை ரிக்கற் என்றும் டெலிபோனை ரெலிபோன் என்றும் நாங்கள் எழுதுவதைப் பார்த்துத் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் ‘காற்று’, ‘சேற்றில்’ என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது நாக்கு தொடுகிற இடம் ஆங்கில ‘டி’க்கு (T) மிகக் கிட்ட, அந்த விஷயத்தில் நாங்கள் ஒரு படி முன்னால் (சும்மா ஒரு பெருமை, விடுங்கள்). ‘பி’யில்தான் (P) எல்லாத் தமிழரும் மாட்டுகிறோம். சொல்லின் தொடக்கத்தில் ‘பி’, ‘டி’, ‘கே’ வந்தால் இங்கே ஒரு ஊதலோடு சொல்கிறார்கள். நாம் ஊதுவதில்லை, ஆகவே நம்முடைய ‘பார்க்’ (park) அவர்களுக்குப் பூங்காவாக இல்லாமல் நாய் குரைப்பதாகக் (bark) கேட்கும், ‘கோட்’ (coat) ஆடாகிவிடும் (goat). ரீச்சர் மெல்லிய டிஷ்யூ ஒன்றை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லச் சொன்னார், தாள் ஆடினால் சரி. விளையாட்டு மாதிரி இருந்தாலும், நீண்ட தமிழ்ப் பெயரை ஃபோனில் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டி வரும்போது அந்த ஊதலின் அருமை தெரியும். அப்படியும் சந்தேகமென்றால் ‘பி ஃபோர் பீட்டர்’, ‘என் ஃபோர் நான்சி’ என்று ஆட்களைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதுதான்.

ஓம், இல்லை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘உங்களுக்கு ஒவ்வாமை ஒன்றும் இல்லைத்தானே?’ என்று தமிழில் கேட்டால் ‘ஓம்’ என்போம், ஓம் இல்லை என்று அர்த்தம். அதையே நேர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டு, எங்கள் வகுப்பில் இருந்த ஒரு அண்ணை ‘யெஸ்’ என்று சொல்ல, அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னென்ன ஒவ்வாமை என்று பட்டியல் கேட்கத் தொடங்கிவிட்டாராம். கேள்வியை விட்டுவிடுங்கள், இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. அதேபோல மரியாதை. நமக்கு அது வினைக்குள்ளேயே வந்துவிடும், ‘தாங்கோ’ என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் ‘கிவ் மீ கோப்பி’ என்று நேரே மொழிபெயர்த்தால் அந்த ‘ங்கோ’ தொலைந்து அதட்டல் மட்டும் மிஞ்சும். ‘குட் ஐ கெட்’ என்று தொடங்கி, ப்ளீஸில் முடித்துப் பழகினால் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடை வரிசையிலிருந்து எல்லா இடத்துக்கும் போதும்.

அக்சென்ட் மாற்றித் தருகிறோம் என்று காசு வாங்குகிற வகுப்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். ரொறன்ரோவில் அரைவாசிப் பேர் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள், ஈரான்காரர் ஈரான் மாதிரி, ஜமைக்காக்காரர் ஜமைக்கா மாதிரிக் கதைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். அழுத்தமும் ஊதலும் சரியாக வந்தால் நம்முடைய ‘ர’வை யாரும் திருத்த வரமாட்டார்கள், வீட்டிலிருக்கும் பிள்ளைகளைத் தவிர.

மாமிக்கு வயது 54 தாண்டியதால் குடியுரிமைக்கு மொழிச் சோதனையே இல்லை. வீட்டில் சும்மா இருங்கோ என்றோம், கேட்கவில்லை, பனியிலும் பஸ் பிடித்து நிலை 2 வகுப்புக்குப் போகிறார். காரணத்தை அவரே சொன்னார். வேறு கடையின் விளம்பரத்தாளைக் காட்டினால் அதே விலைக்குத் தருகிற கடைகள் இங்கே இருக்கின்றன, காசாளரிடம் அதைக் கேட்டு வாங்க நான் வெட்கப்படுகிறேனாம், தானே கேட்கப் போகிறாராம். போன கிழமை கேட்டும்விட்டார். கோழிக்கு விலை குறைந்தது, வெண்டிக்காய்க்கு மட்டும் மறுத்துவிட்டார்கள், தாளின் திகதி முடிந்திருந்தது. ‘எக்ஸ்பயர்ட்’ என்ற சொல்லை அன்று கடையிலேயே படித்துக்கொண்டு வந்து, இப்போது குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.