ஷவர் படலத்திலிருந்து மரபணு வரை: மைக்கோபாக்டீரியாவை அடையாளம் கண்ட கதை

காசநோய்க் கிருமியின் குடும்பமான மைக்கோபாக்டீரியாவில் 190-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கின்றன. குழாய்களிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்து, நோயாளிகளிடம் கிடைத்தவற்றோடு ஒப்பிடுவதுதான் என் ஆய்வு.

மாதிரி எடுப்பது சுலபம். ஷவருக்குள் படிந்திருக்கும் வழுவழுப்பான படலத்தைப் பஞ்சுக் குச்சியால் வழித்தால் போதும். இவற்றின் செல்சுவர் மெழுகுத்தன்மை கொண்டது என்பதால் குளோரின் அவ்வளவாக எடுபடாது. அதைத் தட்டில் வளர்க்கும்போதுதான், அதாவது கல்ச்சர் போடும்போதுதான் பாடு. மற்ற பாக்டீரியாவும் பூஞ்சையும் முந்திக்கொண்டு தட்டையே நிறைத்துவிடும். அவற்றைக் கொல்லும் மருந்து கொஞ்சம் கூடினால் நமக்கு வேண்டியதும் சேர்ந்து செத்துவிடும். வேகமாக வளரும் இனங்கள் ஒரு வாரத்துக்குள் தெரியும். ஏவியம் போன்ற மெதுவாக வளரும் இனங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நான் அதிக நேரம் செலவிட்டது அப்சசஸ் இனத்தோடு. ஒப்பிடுவதற்காக ஒரு நோயாளியின் மாதிரியைத் தட்டில் வளர்த்தபோது இரண்டு வகைக் காலனிகள் வந்தன. ஒன்று பளபளவென்று வழுவழுப்பாக இருந்தது. மற்றது வறண்டு, சுருக்கம் விழுந்திருந்தது. சுருங்கியதை உப்புநீரில் கலக்கிப் பார்த்தேன்; கரையவே இல்லை, துணுக்குத் துணுக்காக மிதந்தது. மேற்பூச்சாக இருக்கும் ஒருவகைக் கொழுப்பை இழந்தால் இந்த வடிவம் வரும். நுரையீரலில் நெடுநாள் தங்கும்போது இப்படி மாறுவதுண்டு. மாறியது பெரும்பாலும் கூடுதல் அழற்சியை உண்டாக்கும். ஒரே இனம்தான், குணம் வேறு!

அப்புறம் சீக்வென்சிங், அதாவது மரபணுவின் எழுத்து வரிசையைப் படிப்பது. பாக்டீரியா இனத்தை அடையாளம் காணப் பலரும் முதலில் நாடும் 16எஸ் மரபணு இங்கே முழுதாகக் கைகொடுக்காது. நோய் தரும் கன்சாசி இனத்தையும் பொதுவாகத் தீங்கு செய்யாத காஸ்ட்ரி இனத்தையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் எச்எஸ்பி65, ஆர்பிஓபி மரபணுக்களையும் படித்தோம். அப்சசஸில் மூன்று துணையினங்கள் இருக்கின்றன. அவற்றில் மசிலியன்சி என்ற துணையினத்தில், மருந்து எதிர்ப்பைத் தரும் ஈஆர்எம்41 மரபணு பாதி வெட்டுப்பட்டது என்பதால் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பொதுவாக வேலை செய்யும். மரபணு முழுதாக இருக்கும் துணையினங்களில் பெரும்பாலும் மருந்து பட்டபிறகே எதிர்ப்பு கிளம்பும். சில நாளில் 'மருந்து கேட்கிறது' என்று தெரிந்தாலும் 14-ஆம் நாள் மறுபடி பார்ப்பது அதற்காகத்தான். 'அப்சசஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பும் ரிப்போர்ட் என்னைப் பொறுத்தவரை அரைகுறை ரிப்போர்ட்.

ஷவரிலும் சளியிலும் ஒரே இனம் கிடைத்தாலும், அங்கிருந்துதான் தொற்றியது என்று சொல்லிவிட முடியாது. முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும். சளியில் ஒருமுறை வந்தாலே நோய் என்றும் ஆகாது. அறிகுறி, ஸ்கேன், தனித்தனியாக எடுத்த இரண்டு சளி மாதிரிகள் எல்லாம் பொருந்தினால்தான் மருத்துவர்கள் பொதுவாக நோய் என்று முடிவு செய்வார்கள். சிகிச்சை தொடங்கினால், சளியில் கிருமி வருவது நின்ற பிறகும் பெரும்பாலும் ஒரு வருடம் மாத்திரை தொடரும்.