நடுக்கம் அடங்கியதும் கனவுகள் வந்தன

குடியையும் கஞ்சாவையும் ஒரே இரவில் நிறுத்தினேன். பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் கவிழ்த்தேன். பொட்டலத்தைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. 11 ஆண்டுப் பழக்கத்தில் நான் செய்த ஆபத்தான காரியம் அதுதான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

காலையில் தண்ணீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் பாதி நீர் சட்டையில். மதியத்துக்குள் வியர்த்துக் கொட்டியது. படுத்துக்கிடந்தும் நெஞ்சு படபடத்தது. மாலையில் வந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "செருப்பைப் போடு, கிளம்பு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மருத்துவர் கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். மின்விசிறி ஓடவில்லை, தாள் மட்டும் சடசடத்தது.

"கடைசியாக எப்போது குடித்தீர்கள்?"

"நேற்று இரவு 9 மணிக்கு. அதோடு விட்டுவிட்டேன் டாக்டர்."

பாராட்டுவார் என்று நினைத்தேன். "இதைத் தனியாகச் செய்யக் கூடாது" என்றார்.

மூளையில் பரபரப்பை அடக்க காபா, தூண்டிவிட குளுட்டமேட் என்று இரண்டு வேதிப்பொருள்கள் உண்டு. மது முன்னதன் கையை ஓங்கச் செய்து பின்னதை அமுக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தூண்டலைக் கூட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ள, உள்ளிருந்து நாம் முட்டுக்கொடுப்பது போல. வெளியே நிற்பவர் சட்டென்று விலகினால் நாம் முகங்குப்புற விழுவோம். கடைசிக் குடியிலிருந்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டிச் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரிந்து, பிதற்றல் கண்டு, உயிரே போகலாம். என் 'வைராக்கியம்' இந்த வாசலில்தான் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

6 நாள் படுக்கை. டயஸிபாம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கூடுதல் அளவில் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தையமின் ஊசி போட்டார்கள். அந்த பி1 வைட்டமின் குடிப்பவர் உடலில் வற்றிப்போயிருக்கும், அது இல்லாமல் சர்க்கரையை ஏற்றினால் மூளைக்குக் கேடு என்றார் செவிலியர். மூன்றாம் நாள் மாலை டம்ளரை ஒற்றைக் கையால் தூக்கினேன்.

அனுமதிப் படிவத்தில் 'வேறு பழக்கங்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். குடியை ஒப்புக்கொள்ளத் துணிந்த வாய்க்குக் கஞ்சாவைச் சொல்லக் கூச்சம். ஐந்தாம் நாள், திரைச்சீலையைத் திறந்ததற்காகச் செவிலியர்மேல் எரிந்து விழுந்தேன். கை நடுங்கவில்லை, ஆனால் பசியில்லை, தூக்கமில்லை, எவர் பேசினாலும் ஆத்திரம். மருத்துவர் வந்து உட்கார்ந்து, "கஞ்சா எத்தனை வருடமாக?" என்றார். உண்டா என்று கேட்கவே இல்லை.

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்கிவிடும் பொருள். தினமும் புகைத்தவரின் சிறுநீரில் ஒரு மாதம் கழித்தும் அதன் சுவடு தென்படலாம். குடியை விட்ட மறுநாளே உடல் கூச்சல் போட்டது. இது மெதுவாக வந்து வாரக்கணக்கில் முறுமுறுத்தது. நம் மூளை தானே சுரக்கும் இதே வகைப் பொருள் ஒன்றுக்கு, ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே 1992இல் 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை மூளை குறைத்துவிடுகிறது. அவை மீள ஏறக்குறைய 4 வாரம் ஆகும் என்றார் மருத்துவர். அந்த 4 வாரமும் என்னிடம் ஆனந்தம் இருப்பு இல்லை.

குடித்த மறுநாள் குமட்டலுக்குக் கஞ்சா, கஞ்சா கிளப்பிய பதற்றத்துக்குக் குடி என்று ஒன்றை இன்னொன்றால் மூடிவந்திருக்கிறேன். எது எந்த நோய்க்கு மருந்து என்பதே மறந்துபோயிருந்தது. தூக்கத்துக்கு என்று சொல்லி இரண்டையும் எடுத்தேன். இரண்டுமே கனவு காணும் தூக்கத்தை அமுக்குபவை. அமுங்கிக் கிடந்தவை வீட்டுக்கு வந்ததும் மொத்தமாக எழுந்தன. ஒரு கனவில் பழைய கணக்கு வாத்தியார் மாடிப்படியில் உட்கார்ந்து என் ரத்தப் பரிசோதனை முடிவை வகுப்புக்கே உரக்கப் படித்தார்.

படிக்க அதில் விஷயமும் இருந்தது. ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதி, ஏஎல்டி என்ற இன்னொரு நொதியைப் போல இரு மடங்கு. குடியைக் காட்டிக்கொடுக்கும் கணக்கு அது. ஜிஜிடி என்ற மூன்றாவது நொதியும் எகிறியிருந்தது. சிவப்பணுக்கள் பருத்திருந்தன. நொதிகள் இரண்டு மாதத்தில் இறங்கின. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் பருத்தவை செத்துத் தீரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வாரத்தில் ஒருநாள், ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பதைக் கவனித்தேன்.

இடையில் ஒருமுறை சறுக்கினேன். இரண்டு கோப்பைதான். படுத்ததும் தூங்கினேன், மது இறங்கியதும் விடிகாலை 3 மணிக்கு, யாரோ உலுக்கியதுபோல விழிப்பு வந்தது. 'நன்றாகத் தூங்க வைக்கிறது' என்று இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்தது இதைத்தான். காலையில் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

போன மாதம் வங்கியில் ஒரு படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். அவர்கள் கோப்பில் இருந்தது பழைய கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் நெளிந்து, கடைசிச் சுழி கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. அதைப் போலவே போட்டுத் தரும்படி ஊழியர் கேட்டார். நான்கு முறை முயன்றேன், வரவில்லை. புதிய மாதிரிக் கையெழுத்துக்கான படிவத்தை வாங்கிக்கொண்டேன்.