நிருபராக என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூ முடித்த என் அக்கா மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல என்னால் முடியவில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற பதிவோ உரிமமோ நிருபருக்கு இந்தியாவில் தேவையில்லை. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பேச்சுரிமையே அவருக்கும் அடிப்படை. ஆயினும், செய்தி நிறுவனங்கள் பொதுவாக ஒரு பட்டப்படிப்பையாவது எதிர்பார்க்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலைப் படிப்பும், ஆசிய இதழியல் கல்லூரியில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பும் இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும்போதே களத்துக்குச் சென்று எழுதிப் பழக, விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பலருக்கு வாசலாக இருந்திருக்கிறது.

இளநிலையில் பொருளியல், சட்டம், வரலாறு ஆகியவற்றுள் ஒன்றைக் கற்றுவிட்டு, அதன்பின் இதழியலுக்கு வருவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஏனெனில், செய்தி எழுதும் முறையைச் சில மாதங்களில் பழகிவிடலாம். ஆனால் ஒரு நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தையோ, முதல் தகவல் அறிக்கையையோ, நீதிமன்றத் தீர்ப்பையோ பிழையின்றிப் படித்துப் பொருள் கொள்ளும் திறன் அவ்வளவு விரைவில் கைவராது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் மனு அனுப்பி, 30 நாட்களுக்குள் பதில் கோரலாம். அந்த மனுவில் எதைக் கேட்பது என்பதற்குத்தான் படிப்பு வேண்டும். அவளை இந்த மாதமே ஒரு மனு எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.