கைதட்டுகிறவரை அதட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கச்சேரி மண்டபத்தில் வாசல் பொறுப்பு என்னுடையது. மேற்கத்திய சேர்ந்திசை நிகழ்ச்சி என்றால் கைதட்டல் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். தாமதமாக வருகிறவர்களை அந்தச் சத்தத்தில்தான் உள்ளே விட முடியும்.

இயேசுவைப் பற்றி ஹேண்டல் இசையமைத்த ‘மெசையா’ என்ற பெரிய சேர்ந்திசைப் படைப்பில், இரண்டாம் பாகத்தை முடிக்கும் ‘அல்லேலூயா’வில் ஓர் இடம் வரும். பாட்டும் டிரம்பெட்டும் முரசும் உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்தும் நடத்துநரின் கைகள் மேலேயே இருக்கும். பாடகர்கள் மூச்சை இழுப்பது முன்வரிசைக்குக் கேட்கும். அதற்கு அப்புறம்தான் நிதானமாக, கடைசி ‘அல்லேலூயா’. அந்த இடைவெளியில் யாராவது கைதட்டிவிடுவார்கள். உடனே நாலு தலை திரும்பும். “ஷ்ஷ்!” நடுவில் தட்டக் கூடாது என்பது இந்த மாதிரி மண்டபங்களில் எழுதாத சட்டம்.

தட்டியவருக்கு இசை தெரியாது என்று நினைப்பது பெரிய தப்பு. பாட்டோடு கூடவே போனவர்தான் அங்கே தட்டுவார். எங்கள் மண்டபத்துக்கு வரும் ஜூலு குடும்பங்களில் பலர் பள்ளியிலும் தேவாலயத்திலும் டோ-ரே-மி எழுத்துக் குறிப்பை வைத்தே இந்தப் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்கள். ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரலுக்கான வரி, முழுக்க மனப்பாடம். பிடித்துவிட்டால் குலவை போடுவார்கள். நம்மவர்களும் அப்படித்தானே? நல்ல சங்கதி விழுந்தால் ‘பலே’ என்கிறோம், தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கைதட்டுகிறோம். கச்சேரி முடியட்டும் என்று யார் காத்திருக்கிறார்கள்?

ஒரு முறை பேத்தி பாடுவதைக் கேட்க வந்த நம்மூர் ஆயா ஒருவர், முதல் கோரஸ் முடிந்ததுமே ஆசையாகத் தட்டினார். பின்வரிசையிலிருந்து அதட்டல் வந்தது. கையை மடியில் வைத்தவர்தான். கடைசியில் மண்டபமே எழுந்து நின்று தட்டியபோதும் என்னைப் பார்த்து, “இப்ப தட்டலாமா தம்பி?” என்று கேட்டார். “தாராளமா தட்டுங்க ஆயா” என்றேன். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இந்த மௌனக் கட்டுப்பாடு ஒன்றும் ஆதிகாலத்து வழக்கமல்ல. 1846இல் பர்மிங்காமில் மெண்டல்சனின் ‘எலியா’ முதன்முதலாக அரங்கேறியபோது, கூட்டம் கேட்டுக்கொண்டதால் எட்டுப் பகுதிகளைத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. 1808இல் வியன்னாவில் ஹைடனின் ‘படைப்பு’. ‘ஒளி உண்டாயிற்று’ என்று கோரஸ் முழங்கும் இடத்திலேயே கைதட்டல் வெடித்தது. முதுமையில் தளர்ந்து உட்கார்ந்திருந்த ஹைடன், இது மேலிருந்து வந்தது என்பதுபோல் வானத்தைக் காட்டினாராம். நடுவில் தட்டிவிட்டார்களே என்று அவர் முகம் சுளிக்கவில்லை.

அதற்காக எல்லா இடத்திலும் தட்டலாம் என்று சொல்ல மாட்டேன். பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ பெரிய வெள்ளி வழிபாட்டுக்காக எழுதியது. அதில் இயேசு உயிர் விட்டதைச் சொல்லி முடித்ததும், மெல்லிய குரலில் ஒரு துதிப்பாடல் எழும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கைதட்டல் விழுந்தால் எனக்கே நெஞ்சு பதறும். இறந்தவர்களை நினைத்துப் பாடும் பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ ஓய்ந்து அடங்கும் முடிவும் அப்படித்தான், அந்த நிசப்தமும் பாட்டோடு சேர்ந்தது.

அதைக் காப்பாற்ற வேண்டியது பின்வரிசைக்காரர் அல்ல, நடத்துநர். அவர் கையை இறக்காமல் வைத்திருந்தால் மண்டபம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், புதிதாக வந்தவர்களும்கூட. நான் பார்த்தவரையில் இது அநேகமாகத் தவறியதே இல்லை. ஆரம்பிக்கும் முன் கூட்டத்தைப் பார்த்து, “பிடித்த இடத்தில் தட்டுங்கள், இந்த ஒரு பகுதிக்கு மட்டும் பொறுங்கள்” என்று அவரே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. நிகழ்ச்சித் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டால் யார் படிக்கிறார்கள்? எங்கள் வாசல் பையன்களிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்: கைதட்டியதற்காக யாரையும் நீங்கள் அதட்டக் கூடாது, அதட்டுகிறவரிடம் இடைவேளையில் போய் மரியாதையாகப் பேசுங்கள்.