பொறுத்துக்கக் கூடாது, அம்மா

அம்மாவுக்கு இடது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கியபோது, வாந்தியையும் முடி கொட்டுவதையும் நினைத்துத்தான் நான் பயந்தேன். மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு கீமோ. முதல் நான்கில் டாக்ஸோரூபிசின் உண்டு. வார்டில் எல்லோரும் சிவப்பு மருந்து என்பார்கள். அது ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். இதை எங்களுக்குச் சொன்னவர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்.

முதல் நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "மருந்து ஏறும்போது எரிஞ்சா உடனே சொல்லணும். பொறுத்துக்கக் கூடாது, அம்மா." என் அம்மாவோ பல்வலிக்கே இரண்டு நாள் கிராம்பை வைத்து அடக்கிவிட்டு மூன்றாம் நாள் வாய் திறப்பவர்.

இரண்டாவது கீமோவில் புதிதாக வந்த நர்ஸ் மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். அம்மா மெல்ல, "லேசா எரியுது" என்றார். "மருந்து போகும்போது அப்படித்தான் இருக்கும்மா" என்றார் நர்ஸ். பக்கத்துக் கட்டிலில் நின்ற சிஸ்டர் காதில் அது விழுந்துவிட்டது. "நிறுத்தும்மா" என்று வந்தார். ஊசியை உடனே உருவவில்லை. சிரிஞ்சால் உள்ளே தேங்கியதை இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எடுத்தார். சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். துணி சுற்றிய ஐஸ் வைத்தார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். கசிந்தது கொஞ்சம்தான், நல்லவேளை புண்ணாகவில்லை. இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்ததால் அந்தக் கையில் ஊசி போட முடியாது. வலது பக்கம் மார்பில், மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பதிக்கும் போர்ட் வைத்துவிடலாமா என்று டாக்டரிடம் பேசியதும் அவர்தான்.

அந்த நர்ஸை எங்கள் முன்னால் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறகு வராந்தாவில் பேசியது கேட்டது: "எரியுதுன்னா முதல்ல நிறுத்து, காரணத்தை அப்புறம் தேடலாம். நான் தப்பு பண்ணினாலும் நீ இப்படித்தான் என்னை நிறுத்தணும்." அடுத்த முறை அதே பெண் மருந்து முடியும்வரை அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். ஒரு வார்டே கனிவாக இருந்தால் அதற்குப் பின்னால் இப்படி ஒருவர் நிற்கிறார் என்று அன்றுதான் புரிந்துகொண்டேன்.

மூன்றாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் இரவு அம்மாவுக்கு 101 டிகிரி காய்ச்சல். "காலைல பாத்துக்கலாம்" என்றார். ஆனால் ஃபைலின் மேல் அட்டையில் சிஸ்டர் கைப்பட எழுதியிருந்தார்: '100.4-ஐத் தொட்டால் எந்த நேரமானாலும் வரவும். காத்திருக்க வேண்டாம்.' கீழே வார்டு நம்பர். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அவசரப் பிரிவில் அந்த அட்டையைக் காட்டியதும் வரிசையில் நிற்க வைக்காமல் உள்ளே விட்டார்கள். ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. காலை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை.

எட்டாவது கீமோ அன்று பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் முதல் முறையாக வந்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். அம்மா தன் டியூபைப் பிடித்தபடி அவர் பக்கம் திரும்பினார்.

"எரிஞ்சா உடனே சொல்லிடு, தாயி. பொறுத்துக்காத. இங்க கேப்பாங்க."