சம்பந்தி சட்டையில் கோடு

அழகர்கோவிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. சித்திரை மாதம், உச்சி வெயில், வந்த சொந்தத்தில் பாதிப் பேர் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. வீடியோ எடுக்கிறவன் வயிற்றில் புளியைக் கரைக்க இது போதும்.

"ஆட்டோல போட்டு எடுக்க வேண்டியதுதானே?" என்று ஆளாளுக்கு யோசனை. வெளிச்சத்தைக் கேமராவே முடிவு செய்கிற ஆட்டோவில் விட்டால், நாலு வெள்ளைச் சட்டை உள்ளே வந்ததும் கேமரா மிரண்டுபோய் எல்லோர் முகத்தையும் இருட்டாக்கும். அரக்குப் பட்டில் அத்தை குறுக்கே போனால் மொத்தமும் வெளுக்கும். எல்லாவற்றையும் நாமே வைக்கிற மேனுவல்தான் சரி.

வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம், 1/50 வினாடி. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் குறையும், ஆனால் மேளக்காரர் கை வெட்டி வெட்டித் தெரியும். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, குறைத்து 100ல் வைத்தாலும் அந்த வெயிலுக்கு லென்ஸின் துவாரமான அப்பெர்ச்சரை எஃப் 22 வரை (எண் கூடினால் துவாரம் சின்னது) மூட வேண்டும். மூடினால் பின்னால் பந்தி, பிரியாணி அண்டா, ஓரமாக முறைத்துக்கொண்டு நிற்கும் பங்காளிகள் எல்லாம் துல்லியமாகப் பதிவாகும். எதற்கு வம்பு? பின்னணி மங்கலாகட்டும் என்று எஃப் 2.8க்கு அகலத் திறந்து, லென்ஸுக்குக் கூலிங்கிளாஸ் மாதிரி என்டி 64 ஃபில்டரை மாட்டினேன். வெளிச்சத்தில் 64ல் ஒரு பங்குதான் உள்ளே வரும்.

வெயிலில் திரையே தெரியவில்லை. துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தேன். "ஆவி பிடிக்கிறியாப்பா?" என்று ஒரு கிழவி தைலத்தை நீட்டினார்.

அப்புறம் பெரியப்பா துண்டுக்குள் தலையை விட்டார். கேமராவில் ஜீப்ரா என்கிற எச்சரிக்கைக் கோட்டை 100 சதவீதத்தில் வைத்திருந்தேன். எங்கே வெள்ளை வெந்து நூலிழைகூடத் தெரியாமல் போகுமோ, அங்கே திரையில் சாய்வாகக் கோடு ஓடும். பதிவில் வராது. திரையில் பெரியப்பாவின் சம்பந்தி நின்றிருந்தார்.

"என்னடா, அவரு சட்டையில கோடு ஓடுது? நானும் அவரும் ஒரே கடையிலதான்டா எடுத்தோம், விளக்குத்தூண்ல! வெள்ளைன்னு சொல்லி ஏமாத்திப்புட்டானா?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. அப்பெர்ச்சரைக் கொஞ்சம் மூடினேன். கோடு மறைந்தது. சம்பந்தியின் சட்டைப் பைக்குள் காந்தி தெரிந்தார்.

இன்னொரு சிக்கல். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தது மர நிழலில். முகம் கறுப்படித்துக் கிடந்தது. வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மக்கோல் அட்டைகூட இல்லை. சுற்றிப் பார்த்தேன். வேறென்ன வேண்டும்?

"பெரியப்பா, நீங்க இந்தப் பக்கமா, வெயில்ல நில்லுங்க."

மீசையை நீவிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சட்டையில் பட்ட வெயில் அப்படியே பிள்ளை முகத்தில் விழுந்தது. ஆசாரி ஊசியை இறக்க, அவள் வீலென்று கத்த, கன்னத்தில் இறங்கிய கண்ணீர்வரை பளிச்சென்று வந்தது.

ராத்திரி வீட்டு டிவியில் போட்டோம். பெரியப்பா கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார்.

"நான் எங்கடா?"

"பிள்ளை முகத்துல விழுகுற வெளிச்சம் பூரா நீங்கதான் பெரியப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். பெரியம்மா பக்கம் திரும்பி, "பாத்தியா, நல்ல சட்டைதான்" என்றார்.