அரிசி மென்றதும் இரும்பு ஏற்றியதும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி கேரளத்தின் பாலக்காட்டில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெண்களிடம் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் மழை வருமா என்று பேசப் போய்விடுவார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3. நாங்கள் ரேஷன் கார்டில் கேரளம், சமையலிலும் டீயிலும் கோயமுத்தூர், அதனால் எந்தக் கணக்கில் சேர்வோம் என்று தெரியவில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தது அரிசி. முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்லுவது, அது போதாமல் டப்பாவிலிருந்து எடுத்து மெல்லுவது, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எழுந்து போய் மெல்லுவது. அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று சின்ன வயதில் திட்டுவார்கள், கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆனவளை என்ன சொல்லித் திட்டுவது என்று அத்தைக்குத் தெரியவில்லை. அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, ஐஸ் என்று சத்தில்லாததைத் தேடித் தின்னும் இந்த ஆசை இரும்புச்சத்துக் குறைவின் நன்றாகத் தெரிந்த அறிகுறி, இதற்குப் பைக்கா என்று பெயர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, கால் நிம்மதியில்லாமல் துடிப்பது இதெல்லாம் வயசு என்று தள்ளிவிடலாம். அரிசியைத் தள்ள முடியாது.

இதற்கு முன்னால் உள்ளூர் கிளினிக் ஒன்றில் சோர்வு என்று போனபோதெல்லாம் குளுக்கோஸில் மஞ்சள் ஊசி கலந்து ஏற்றி அனுப்பினார்கள். ஒருமுறைகூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் பாட்டிலில் இருப்பது பி விட்டமின், அதில் இரும்பு கிடையாது. பொள்ளாச்சியில் வேறு டாக்டரிடம் போனபோதுதான் ஹீமோகுளோபின் 7.2, ஃபெரிட்டின் 6 என்று வந்தது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. ஃபெரிட்டின் என்பது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் அளவு, அது 15-க்குக் கீழே போனால் இருப்பு காலி என்று அர்த்தம். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதையும் டாக்டர் கேட்டுக்கொண்டார்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு இரும்பு ஏற்றச் சொன்னால் ஃபெரிட்டின் பார்த்தீர்களா என்று கேளுங்கள், கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. எங்கள் பாலக்காடு மாவட்டத்திலேயே அட்டப்பாடியில் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும், இரும்புக் குறைவில் போலவே, சிவப்பணு சிறுத்துத்தான் இருக்கும். இவர்களுக்கெல்லாம் இரும்பு குறைவாக இருந்தால்தான் இரும்பு கொடுக்க வேண்டும், ரத்தம் கம்மி என்பதற்காகக் கொடுக்கக் கூடாது.

மாத்திரையை நான் தின்னாமல் இல்லை. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, நல்ல மாத்திரைதான். ஆனால் வயிற்றைப் பிரட்டும், மலம் கறுக்கும், நாலு நாள் போகவே போகாது. இதைத் தின்ற கையோடு டீ குடித்தாலோ கால்சியம் மாத்திரை போட்டாலோ உள்ளே போனதில் பெரும்பகுதி வீண், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தின்றாலும் போதும் என்று இப்போது சொல்கிறார்கள், காரணம் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன், ஒரு வேளை இரும்பு போனதும் அது ஏறி அடுத்த நாள் வரைக்கும் குடலின் கதவைச் சாத்திவிடுகிறது. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் தின்னச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை, பீட்ரூட் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அதற்கு ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) எவ்வளவோ மேல், அதை வாங்கி வந்து வதக்கித் தர யாரும் முன்வரவில்லை என்பது வேறு கதை.

எனக்குச் சிக்கல் வேறு. மாசா மாசம் கட்டி கட்டியாகப் போகிற ரத்தம். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, சாதாரணமாகக் குடல் ஒரு நாளைக்கு இழுத்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். குறை அதிகமாக இருந்தால் கூட இழுக்கும், அப்படியும் என் வரவு செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவது என்று ஆனது.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 15-லிருந்து நம் ஹீமோகுளோபினைக் கழித்து, உடல் எடையாலும் 2.4-ஆலும் பெருக்கி, சேமிப்புக்கு 500 சேர்க்க வேண்டும். 55 கிலோ உள்ள எனக்கு 1500 மில்லிகிராம் சொச்சம். விலை குறைந்த அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம்தான், எட்டு தடவை பஸ் ஏறிப் போக வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்ட்டோஸ் என்ற இன்னொரு இரும்பு மருந்து ஒரே தடவையில் 1000 வரை போகும், கால் மணி நேரத்தில் முடியும், மீதியை ஒரு வாரம் கழித்து ஏற்றலாம், ஆனால் மருந்து விலை அதிகம். எட்டு நாள் கூலியும் பஸ் காசும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு தெரியாது என்பது என் கணக்கு.

மருந்து கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் இருந்தது. சலைன் பாட்டிலில் கலந்து தொங்கவிட்டதும் பக்கத்துக் கட்டில் பாட்டி, "அம்மிணி, உனக்கு யாரு ரத்தம் ஏத்தறாங்க?" என்று கேட்டார். ரத்தம் இல்லீங்க பாட்டி, இரும்பு என்றேன், பாட்டி நம்பவில்லை. மலையாளி சிஸ்டர் ஊசி போட்ட இடத்தை விரலால் தொட்டுத் தொட்டு "நீற்றலுண்டோ சேச்சி?" (எரியுதா அக்கா?) என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை படிந்து மாசக்கணக்கில் போகாது, சிலருக்குப் போகவே போகாது. அதனால் ஊசி போட்ட இடத்தில் எரிந்தால், வீங்கினால் சும்மா பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும்.

எதிர்க் கட்டிலில் எருத்தேம்பதியிலிருந்து வந்த ஏழு மாசக் கர்ப்பிணி. (முதல் மூன்று மாதம் இதை ஏற்றமாட்டார்கள்.) அந்தப் பெண்ணுக்கு மருந்து ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து நெஞ்சு இறுகுகிற மாதிரி இருக்கிறது என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கூட வந்தவர்கள் "அவில் போடுங்க, அவில் போடுங்க" என்று கத்தினார்கள், அவில் அலர்ஜிக்குப் போடும் ஊசி. சிஸ்டர் குழாயை மூடி, பிரஷர் பார்த்து, மூச்சில் இரைப்பு இருக்கிறதா என்று டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி மெதுவாக ஓடவிட்டார், அவ்வளவுதான். பிரஷர் இறங்காமல், மூச்சுத் திணறாமல் இப்படி வந்தால் அது அலர்ஜி அல்லவாம், தானாக அடங்கும், அவில் போட்டால்தான் பிரஷர் இறங்கிக் குழப்பம் அதிகமாகுமாம். நிஜமான அலர்ஜி மிகவும் அபூர்வம், ஆனால் வரலாம் என்பதால் ஏற்றி முடித்து அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து போட்டுவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்றின மறுநாளே தெம்பு வந்து குதிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எலும்பு மஜ்ஜை புது அணுக்களைச் செய்து அனுப்ப நாளாகும், ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு ஏறவே சில வாரம் பிடிக்கும். ஆனால் அரிசி ஆசை மட்டும் முதல் வாரத்திலேயே போய்விட்டது, டப்பாவைத் திறந்தால் வெறும் அரிசியாகத்தான் தெரிந்தது. ஃபெரிட்டினை உடனே போய்ப் பார்க்கக் கூடாது, சில வாரத்துக்கு மலைபோல ஏறித்தான் காட்டும். இன்னொன்று, இந்தக் கார்பாக்ஸிமால்ட்டோஸ் சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டை இறக்கிவிடும். ரத்தம் ஏறியும் சோர்வு போகாமல் எலும்பு வலித்தால், குறிப்பாகத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்கிறவர்கள், பாஸ்பேட் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரும்பு ஏற்றுவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது எந்த வழியாகப் போகிறது என்பதைக் கண்டுபிடிப்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை, பாட்டில் இறங்கியதும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். வெறுங்காலோடு காட்டில் நிற்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம், அதற்கான அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை ஒன்றின் விலை ஒன்றுமேயில்லை. ஆண்களுக்கும் தீட்டு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலும் குடலிலும் கசிவு இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், குடல் புற்றுநோய்கூட முதலில் இப்படி வெறும் ரத்தசோகையாகத்தான் தலைகாட்டும். பெரியவருக்கு ரத்தம் கம்மி என்று டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்காரும் வீடுகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

எனக்கு ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்ற சாதாரணத் தசைக்கட்டி இருப்பது தெரிந்தது. எடுத்துப் போட்டுடு, பிள்ளைங்கதான் பெத்தாச்சே என்று அத்தையில் தொடங்கி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா வரைக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போதைக்கு அந்த நாட்களில் மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் மாத்திரை. கட்டி உள்பக்கம் துருத்தாததால், காப்பர்-டி மாதிரி உள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனத்தை வைத்துப் பார்க்கலாம், பல பேருக்குப் போக்கு நன்றாகக் குறைகிறது என்கிறார் டாக்டர். அதற்குச் சரி சொல்லியிருக்கிறேன், அதற்குள் ஃபெரிட்டின் மறுபடி கீழே போனால் இன்னொரு பாட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.